துப்பிய மாத்திரைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன். மருமகள் இதைப் போட்டோ எடுத்து இன்றே உனக்கு அனுப்புவாள்.

உன் அத்தானுக்குக் கண் உறுத்தல் என்று உனக்குத் தெரியும். மணல் விழுந்த மாதிரி இருக்கிறது என்பார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஆயிற்றே, தன் கண்ணில் குறை என்று ஒப்புக்கொள்வாரா? லென்ஸ்தான் சரியில்லை என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். காலையில் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். பீளையை விரலால் வழித்துக் கல்லா மேஜைக்கு அடியில் தடவுவார். லென்ஸ் துடைக்கும் துணியால் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே துணியால் வாடிக்கையாளரின் கண்ணாடியையும் பளபளவென்று துடைத்துக் கொடுப்பார். அதைப் பார்த்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இழுத்துக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். அந்த அம்மா இமையை அழுத்தியதும், பற்பசை மாதிரி மஞ்சளாக நெளிந்து வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றனவாம். வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன். தட்டில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தால் சீக்கிரம் வற்றிவிடும். மேலே எண்ணெய் படர்ந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் வற்றாது. கண்ணீர் மேல் படர வேண்டிய அந்த எண்ணெய் இவருக்குக் கெட்டியாகி அடைத்துக்கொண்டது.

கொலஸ்ட்ரால் மாத்திரையால் இருக்குமா என்று இவர் கேட்டார். நீ அனுப்பிய குரல் செய்தியிலிருந்து வந்த கேள்வி. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் உண்டு, அதனால் மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். கொலஸ்ட்ரால் கூடினாலும் இதே தொல்லை வரலாம் என்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இமையைச் சுத்தமாக வையுங்கள், இதய டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார். கேள்வியைப் பாதி படித்துவிட்டு விடை எழுதும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் ‘இருக்கலாம்’ வரைக்கும்தான் கேட்டிருக்கிறார்.

போன வாரம் என் கண்ணாடியில் ஸ்குரூ கழன்றது. கடையில் தேடினேன். கண்ணாடியில் மூக்கின் மேல் உட்காரும் சின்ன ரப்பர்கள் இருக்குமே, அந்த டப்பாவைத் திறந்தால் உள்ளே மாத்திரைகள். பாதி கரைந்து, ரப்பரோடு ஒட்டிக்கொண்டு, எச்சில் நாற்றத்தோடு. என் முன்னால் வாயில் போட்டுத் தண்ணீரும் குடித்தவர், கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் அங்கே துப்பியிருக்கிறார். குப்பைக்கூடையை நான்தானே கொட்டுகிறேன், அதில் போட்டால் தெரிந்துவிடுமாம். அந்த ரப்பரைத்தான் ஊரார் மூக்கில் மாட்டுகிறார்.

கேட்டால், “மருந்துக் கம்பெனியிலயே இருக்கான் உன் தம்பி, அவனுக்குத் தெரியாதா?” என்கிறார். அவன் அங்கே கிடங்கில் அட்டைப்பெட்டி ஏற்றுகிறான் என்றேன். காதில் விழவில்லை. நீ நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், தெரியும். ஆனால் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த மனுஷனிடம், “அத்தான், மொதல்ல அந்த மாத்திரைய நிறுத்துங்க” என்பதா? அந்த டப்பாவைவிட உன் பேச்சுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று பரணில் இருந்த பெட்டியை எடுக்க ஏணியில் ஏறியவர், பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தூசி என்கிறார். இதய டாக்டரிடம் போகலாம் வாருங்கள் என்றால் அசைய மாட்டேன் என்கிறார். மருந்தை மாற்றுவதோ குறைப்பதோ அவர்கள் பாடு. அதற்கு இவர் போய் உட்கார வேண்டுமே.

நீ சொன்னால் போவார். இதைப் படித்த கையோடு அவரைக் கூப்பிடு. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று உன் வாயாலேயே சொல். அதனால் உன் மானம் ஒன்றும் போய்விடாது.

ஒத்தடம் நான்தான் கொடுக்கிறேன். துணியை எடுத்ததும் இமையில் கசிந்தது விரலில் ஒட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைக்கிறேன். இன்னும் ரொம்ப காலம் அவர் இருக்க, நான் இப்படியே முகத்தைச் சுளித்துக்கொண்டு துடைக்க வேண்டும். பேசிவிடு, கண்ணா. நீ நன்றாக இருப்பாய்.

உன் அக்கா