நீ அணைக்காமல் போன மைக்

இன்று காலை கல்மண்டபத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது ஐஸ் பாக்டரிப் பக்கமிருந்து அந்த அம்மோனியா நெடி வந்தது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வண்டிகளில் கட்டி ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து பழகிய நெடிதான். முன்பெல்லாம் நானும் அப்படித்தான் நிற்பேன். இன்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன். என் பஸ் போய்விட்டது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

உன்னைப் பார்ப்பதற்கு ரொம்ப நாள் முன்பே உன் குரலைத் தெரியும். ஒலி, ஒளிக் கருவிகளை இயக்கும் வேலைக்கு ஒரு கல்லூரி ஆன்லைனில் நடத்திய படிப்பில் இருவரும் சேர்ந்திருந்தோம். பகலில் நீ எண்ணூரில் ஒரு மருந்துக்கடையில் நின்றாய். நான் கூரியர் ஆபீசில் பார்சல் பிரித்தேன். சாயங்காலம் வகுப்பு. டேட்டா தீர்ந்துவிடும் என்று யாரும் கேமராவைத் திறப்பதில்லை. செய்முறைக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது, இருவருமே வடசென்னை என்பதால் சார் நம்மைச் சேர்த்துவிட்டார்.

"எங்க கீற?" என்றாய்.

"ராயபுரம். கல்மண்டபம்."

"நான் எண்ணூர் தாண்டி. சரி, இனிமே நீ கல்மண்டபம்."

அதன் பிறகு நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

கேபிளைச் சிக்கில்லாமல் சுருட்டுவது எப்படி என்று சார் திரையில் காட்டினார். நம்மிடம் கேபிள் ஏது? நான் அப்பாவின் படகுக் கயிற்றை எடுத்தேன். நீ வீட்டுத் துணிக்கொடியை அவிழ்த்துவிட்டாய். "தோச்ச துணிய எங்கடி காயப் போடறது, உன் தலை மேலயா?" என்று உன் அம்மா கேட்டது வகுப்பு முழுக்கக் கேட்டது. "காலேஜ் படிப்புமா" என்றாய் நீ. நமக்கு மிக்ஸர் என்பதும் செல்போனில் வந்த படம்தான். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கட்டைகளைக் கட்டைவிரலால் ஏற்றி இறக்குவோம். பரீட்சை முடிந்ததும் வண்ணாரப்பேட்டையில் சந்தித்து, ஆளுக்கொரு சுடிதார் எடுப்பதாகப் பேச்சு.

ஒரு தடவை, அவரவர் அறையின் அமைதியைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார் சார். "சும்மா இருக்கிற ரூமுக்கும் ஒரு சத்தம் உண்டு, அதைக் கேளுங்க" என்றார். உன் பதிவின் அடியில் ஒரு ரீங்காரம் இருந்தது. எர்த் சரியில்லை, மறுபடி பதிவு செய் என்றார். நீ ஃபேனை நிறுத்தினாய், ஃபிரிட்ஜை நிறுத்தினாய், கடைசியில் மெயினையே நிறுத்தினாய். அது போகவில்லை. அந்த வாரம் ஒரு சாயங்காலம் உங்கள் பகுதியில் கரண்ட் போனபோது என்னைக் கூப்பிட்டாய்.

"தெருவுல யாருக்குமே கரண்ட் இல்ல கல்மண்டபம். ஆனா அது மட்டும் வந்துகினே கீது. போனைத் தரையில வெச்சா இன்னும் ஜாஸ்தியா கேக்குது."

உன் அம்மா உள்ளிருந்து சொன்னார்: "கம்பெனி பைப்புடி. தெருவுக்கு அடியில போவுது. நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து ஓடிகினு கீது."

"அதுல இன்னா போவுது?"

"எவனுக்குத் தெரியும்?"

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு நீ மைக்கைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கேட்டது அந்தச் சத்தம். அதன் மேல்தான் உன் குரல்.

மழைக்காலம் தொடங்கியதும் அது விட்டு விட்டு வந்தது. விக்கல் எடுக்கிற மாதிரி கீது என்றாய். தெருமுனை வேப்பமரம் ஒரு பக்கம் மட்டும் இலை பழுத்து நிற்கிறது என்றாய். நாய்கள் அந்தப் பக்கம் படுப்பதில்லை என்று இன்னொரு நாள். கம்பெனி வாசலுக்கே போய்க் கேட்டிருக்கிறாய். "காதுல பஞ்சு வெச்சிக்கோன்றான் செக்யூரிட்டி" என்று எனக்குச் சொன்னபோது உன் குரலில் கோபம்கூட இல்லை, யோசனைதான் இருந்தது.

வாய்மொழித் தேர்வு ஒரு சாயங்காலம் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உன்னைக் கேட்டார், மேடையில் மைக் கூவ ஆரம்பித்தால் முதலில் என்ன செய்வாய் என்று. "மொதல்ல சவுண்ட எறக்கணும் சார், அப்புறம்…" என்று நிறுத்தினாய். பதிலை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். ரீங்காரம் நின்றிருந்தது. நான் அறிந்த நாளிலிருந்து உன் அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

"சார், ஒரு நிமிஷம். இன்னாமோ நெடி அடிக்குது" என்று எழுந்து போனாய். மைக்கை அணைக்கவில்லை.

தூரத்தில் சீறல் ஒன்று கேட்டது, குக்கர் ஆவி போல. நிற்காமல். பிறகு கதவுகளைத் தட்டும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. "அக்கா, வெளிய வா. புள்ளயத் தூக்கு. மூஞ்சில ஈரத்துணி கட்டு. மரத்தாண்ட போவாதீங்க, அந்தாண்டை ஓடுங்க." செருப்புகள், பாத்திரம் உருளும் சத்தம், இருமல். தேர்வாளர் மைக்கை மியூட் செய்யச் சொன்னார். சார் உன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் அப்பாவின் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எந்தத் தெரு என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. "எண்ணூர் தாண்டி, அடியில பைப்பு போற தெரு" என்றேன். அதற்குள் உன் பக்கம் எதுவும் கேட்கவில்லை.

தெருவில் எல்லோரும் பிழைத்தார்கள். கடைசி வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருந்தவரைத் தூக்கிவர நீ திரும்பிப் போனாயாம். அவரையும் வெளியே கொண்டுவந்துவிட்டுத்தான் விழுந்தாய். அம்மோனியாவில் நுரையீரல் வெந்திருக்கிறது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில்தான் உன்னை முதன்முதலில் பார்த்தேன். மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி, மேலே கண் மட்டும். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "கல்மண்டபம் வந்துகீது பாரு" என்றார் உன் அம்மா. நீ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அம்மாவின் போனை வாங்கி மெதுவாகத் தட்டிக் காட்டினாய்: 'இவ்ளோ குள்ளமா நீ? கொரல கேட்டு ஒசரமுன்னு நெனச்சேன்.' உன் கண்கள் சிரித்தன. உன் குரலை அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

படிப்பை முடித்தேன். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைக்கிற ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அப்படித்தான் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போய் பேனரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: அந்தப் பைப்பை மறுபடி ஓட்டலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். மேடையில் அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும் இருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அந்தத் தெருவே தெரியாதவர்கள். உன் அம்மா எழுந்து மைக்கிடம் வந்தார். வேலைக்குப் போகிற புடவையோடு, அனல்மின் நிலையக் கேண்டீனிலிருந்து நேராக வந்திருந்தார்.

"நான் அய்துகினு நிக்க வரல" என்று ஆரம்பித்தார். "என் பொண்ணு கதவு தட்டலன்னா எங்க தெருவுல யாரும் உசுரோட இருந்திருக்க மாட்டாங்க. பைப்ப தொறக்கறதுன்னா மொதல்ல எங்களுக்கு வேற எடம் குடுங்க."

கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "தங்கச்சி, சவுண்டக் குறைச்சிடு. கரண்ட் பிரச்சனைன்னு சொல்லிக்கலாம்."

"கரண்ட் நல்லாத்தான் இருக்கு சார்" என்றேன். அவர் அங்கேயே நின்றார். நான் மிக்ஸரின் மேலேயே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, உன் அம்மா பேசி முடிக்கும்வரை எடுக்கவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மறுநாளிலிருந்து அந்த நிறுவனம் என்னைக் கூப்பிடவில்லை. இப்போது வேறொருவரிடம் வேலை செய்கிறேன்.

பைப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். வேறு இடம் யாருக்கும் கொடுக்கவில்லை. உன் அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார், தனியாக. எங்களோடு வந்துவிடுங்கள் என்று என் அம்மாகூட நேரில் போய்க் கேட்டுப் பார்த்தார். "அவ இருந்த வூட்ட உட்டுட்டு எங்க வர்றது?" என்று டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறேன். "இன்னும் உசுரோடதான் கீறேன், வெச்சிடவா?" என்பார். போன வாரம் ஒரு நாள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தார்.

"கொயாயில தண்ணி புடிச்சிகினு இருந்தேன் கண்ணு. நீ இன்னாத்துக்கு இப்டி மூச்சு வாங்கற?"

"ஒண்ணும் இல்லமா" என்றேன். வீட்டிலிருந்து வெறுங்காலோடு ஓடி, எண்ணூர் போகிற ஷேர் ஆட்டோவில் பாதி ஏறியிருந்தேன்.