ஒரு பிரிவுப் பாட்டில் திருத்தம்

நவம்பர் 9, ஞாயிறு

மன்னாரில் வானொலியில் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுக் கேட்டுத்தான் பாட்டெழுதப் பழகினேன். அதில் காதலன் குதிரையேறிப் போவான். எங்களூரில் கழுதைதான், அதை எழுதினேன். கனடாவுக்கு வந்து மொன்றியல் சந்தையில் தக்காளி அடுக்கிய காலமெல்லாம் ஒரு வரியும் வரவில்லை. தக்காளியைக் குறை சொல்லமாட்டேன். இன்று காதலன் விடைபெறும் ஒரு பிரிவுப் பாட்டை எழுதி முடித்து, மனைவி றெஜினாவுக்குப் பாடிக் காட்டினேன். அவளுக்குப் பிடிக்காவிட்டால் கிற்றாரை விற்றுவிடுவதாக எண்ணம்.

"இதென்ன 'போறன், போறன்' எண்டு அபசகுனமா? 'போட்டு வாறன்' எண்டு பாடுங்கோ."

"வாறன் எண்டால் அவன் திரும்பி வந்திடுவானப்பா."

"மாமியிட்ட நீங்களும் வாறன் எண்டுதானே வெளிக்கிட்டனீங்கள். திரும்பிப் போனனீங்களே?"

அவள் மாமி என்றது என் அம்மாவை. சொல்லை மாற்றிப் பாடினேன். பாட்டு முன்னையைவிடச் சோகமாகிவிட்டது. றெஜினா இன்னொரு முறை பாடச் சொன்னாள்.