கை தட்டாத சபை

சைகோன், 1936

அன்புள்ள கோகிலாம்பாளுக்கு,

நான் நலம். வில்லியனூரில் நீயும் பிள்ளையும் சௌக்கியமா? அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

ஓட்டல் மேடையில் ஜாஸ் வாசிக்கும்போது கிளாரினெட்டோடு சுழன்று ஆடுவேன், துரைமார் விசிலடிப்பார்கள். சனிக்கிழமை அப்படிச் சுழன்றதில் கால் லேசாகப் பிசகியது. பயப்படாதே. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காதல் பாட்டை மெதுவாக வாசித்தேன். கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது.

“இன்னாண்ணே, ஒருத்தன்கூட கை தட்டலயே!” என்று டிரம் அடிக்கும் தணிகைவேல் பதறினான்.

“நம்ம கோயில் பள்ளியறையில சாமிய தூங்க வெக்க வாசிச்சா எவன்டா கை தட்டுவான்?” என்றேன். இனி ஆட்டமும் உண்டு, இதுவும் உண்டு.

சுளுக்குக்குத் தைலம் அனுப்பு. தபால் கப்பல் புறப்படப்போகிறது. பிள்ளைக்கு நீ பாடும் தாலாட்டில் இரண்டாம் அடி மறந்துவிட்டது, எழுது. அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

தெய்வநாயகம்