ஞாயிற்றுக்கிழமைப் புகை

முந்திலான்,
6 மார்ச் 2005

மதிப்பிற்குரிய சுலாஸ்மி அக்கா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் நலமாக இருக்க இறைவன் அருளட்டும். என்னை நீங்கள் பார்த்ததில்லை. நான் மூர்யாத்தி, குந்தோரோவின் மனைவி. உங்களுக்குப் பிறகு வந்தவள். சந்தையில் கடை வைத்திருக்கும் உங்கள் சித்தி மகள் தார்மியிடம் முகவரி வாங்கி எழுதுகிறேன்.

அவர் நவம்பர் மாதம் காலமானார். மார்புவலி. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நூறாம் நாள் பிரார்த்தனையும் போன வாரம் நல்லபடியாக நடந்தது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் மோட்டார் சைக்கிள். அந்த ஆர்எக்ஸ் கிங் இன்னும் எங்கள் கொட்டகையில் நிற்கிறது. மகெலாங்கில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் சங்கம் ஒன்று இருக்கிறதாம். அதிலிருந்து ஹர்தீமான் என்பவர் வந்து பார்த்தார். 83-ஆம் வருட வண்டி, பெயிண்ட்கூட மாறவில்லை என்று சொல்லி, குழந்தையைத் தடவுவதுபோல டேங்க்கைத் தடவினார். அவருக்கே கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டு ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது.

பத்தொன்பது வருடமாக அந்தப் புத்தகம் என் பீரோவில், என் கல்யாண உடுப்புக்கு அடியில் இருந்திருக்கிறது. நான் ஒருநாளும் திறந்ததில்லை. அவர் ஏன் பெயரை மாற்றவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இனி ஆளில்லை.

விற்பனைப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். சிரமத்துக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
மூர்யாத்தி குந்தோரோ


பன்யுவாங்கி,
15 மார்ச் 2005

மூர்யாத்திக்கு,

வ அலைக்கும் ஸலாம். அவர் போன செய்தியே எனக்கு உன் கடிதத்தில்தான் தெரியும். அவரைப் பற்றி என்னிடம் எதுவும் பேசக்கூடாது என்று தார்மியிடம் நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். அவள் காப்பாற்றிவிட்டாள். துணிக்கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போது பிரித்துப் படித்தேன். அந்த அம்மாவுக்கு இரண்டு முழம் கூடுதலாகக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

நீ ஒரு பத்தியில் அவரை அடக்கம் செய்துவிட்டு அடுத்த பத்தியில் வண்டிக்கு வந்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கு அழுவதற்கு நூறு நாள் கிடைத்தது. எனக்கு இப்போதுதான் ஆரம்பம்.

கையெழுத்துப் போட மாட்டேன்.

அது என் பெயரில் தவறுதலாக இருக்கிறது என்று நினைத்தாயா? துணி மூட்டை சுமந்து சந்தை சந்தையாக விற்று நான் வாங்கிய வண்டி. அப்போது முந்திலானில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய பெண் நான் ஒருத்திதான். அவர் பாசனத் துறையில் மதகு பார்க்கும் வேலை, வாய்க்கால் கரையில் மிதிவண்டியில் போவார். அவருக்கு இதை ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான். "கிளட்ச்ச மெதுவா விடுங்க, கோழிக்குஞ்சைக் கீழ விடற மாதிரி" என்றேன். வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து சலாக் பழத் தோட்டத்துக்குள் போய் நின்றது. முள்ளெல்லாம் குத்தியபடி எழுந்து வந்து, "உங்க வீட்டுக் கோழிக்குஞ்சு இப்படித்தான் குதிக்குமா?" என்றார்.

அந்த வண்டியின் குணம் உனக்குத் தெரியுமே. முதலில் சாதுவாகப் போகும். பாதிக்கு மேல் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சட்டென்று வேறு வண்டியாகிவிடும். சத்தம் மாறும், பின்னால் இருப்பவர் நம் இடுப்பைப் பிடித்தே ஆகவேண்டும். அதற்காகவே நான் திருகுவேன். பராங்திரித்திஸ் கடற்கரைக்கு எத்தனை தடவை போயிருப்போம்! திரும்பி வந்தால் தலைமுடியெல்லாம் எண்ணெய் எரிந்த வாசனை. குளித்தாலும் போகாது. போகவேண்டாம் என்றுதான் இருக்கும்.

பத்தொன்பது வருடம் என் சீட்டில் உட்கார்ந்து, என் வண்டியில், அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நீ ஊர் சுற்றியிருக்கிறாய். எந்தெந்தக் கடற்கரைக்குப் போனீர்கள் என்று எழுதிவிடாதே. இத்தனை வருடம் நானாக நினைத்துப் பார்த்து எரிந்ததே போதும்.

சுலாஸ்மி


முந்திலான்,
24 மார்ச் 2005

சுலாஸ்மி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறையும் அதேதான்.

நான் அந்த வண்டியில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.

நம்பினால் நம்புங்கள். அவர் வலது கால் சரியில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வேலையில் மதகிலிருந்து வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே உடைந்துபோனது என்று சொன்னார். உதைத்துக் கிளப்பவும் முடியாது, பிரேக்கை மிதிக்கவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலைத் தொழுகை முடிந்ததும் வண்டியை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவார். நான் உதைக்க வேண்டும். அவர் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குளிர் நாளில் ஏழு, எட்டு உதை. பிள்ளை வயிற்றில் இருந்த மாதங்களில் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

கிளம்பியதும் நீலமாகப் புகை வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் நிற்பார். கால்மணி நேரம். பிறகு அணைத்துவிட்டு, துடைத்து, உள்ளே தள்ளிவிடுவார். நான் உலர்த்திய துணியெல்லாம் நாறும்.

புதிதில் ஒருநாள் கேட்டேன். "நான் ஓட்டக் கத்துக்கறேன். நீங்க பின்னால உக்காருங்க. ஒரு தடவை சந்தை வரைக்கும் போயிட்டு வரலாம்."

அவர் சிரிக்கவில்லை. "வேணாம் மூர். இந்த வண்டில பின்னால உக்காந்தது போதும்" என்றார்.

யார் ஓட்ட, எவர் பின்னால் உட்கார்ந்தார் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த முட்டாள், சின்ன வயதில் நண்பர்களோடு சுற்றியதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் உதைத்து உதைத்து உங்களைத்தான் வரவழைத்துக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் இல்லாத ஒன்றை நினைத்து எரிந்தீர்கள். நான் என்னவென்றே தெரியாமல் எரிந்தேன். அதனால்தான் விற்கிறேன். தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள்.

மூர்யாத்தி


பன்யுவாங்கி,
7 ஏப்ரல் 2005

மூர்யாத்திக்கு,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். போட்ட பிறகுதான் இதை எழுத முடிகிறது.

அவர் மதகிலிருந்து விழவில்லை.

1984 டிசம்பரில் ஒரு சாயங்காலம் சலாமான் சந்தை முடிந்து வந்துகொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். தூறல் ஆரம்பித்திருந்தது. "போதும் சுலாஸ்மி, மெதுவா போ" என்றார். நான், "பயமா?" என்றேன். "பயமில்ல. வீட்டுக்குப் போய்ச் சேரணும்" என்றார். அவர் கை என் இடுப்பில் லேசாகத்தான் இருந்தது. இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. திருகினேன். வளைவில் சாலை முழுக்க மூங்கில் சருகு நனைந்து கிடந்தது. வண்டி அவர் வலது கால்மேல் விழுந்தது. எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான்.

மருத்துவமனையில், அவர் அம்மாவிடம், வேலை பார்க்கும் இடத்தில், எல்லோரிடமும் "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் என் முழங்கையைப் பார்த்து, "பாவம், புருஷன் உன்னையும் சேர்த்துத் தள்ளிட்டானே" என்று பரிதாபப்பட்டார்கள். அவர் கட்டிலில் படுத்தபடி தலையாட்டுவார். நாங்கள் தனியாக இருக்கும்போதாவது ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் இருந்திருப்பேன். கால் வலிக்கிறதா என்று கேட்டால்கூட, "உன் கை ஆறிடுச்சா?" என்பார். எட்டு மாதம் பொறுத்தேன். அந்த நல்ல குணத்தின் கீழே என்னால் மூச்சுவிட முடியவில்லை. மணவிலக்கு கேட்டதும் நான்தான். வண்டியைத் தொடக்கூட முடியாமல் விட்டுவிட்டு வந்தேன்.

அவர் மனதில் எனக்கு இருந்த இடம் இதுதான். நீ பொறாமைப்படும் அளவுக்கு அங்கே ஒன்றுமில்லை.

சுலாஸ்மி


முந்திலான்,
16 ஏப்ரல் 2005

சுலாஸ்மி அக்காவுக்கு,

ஒன்றுமில்லையா?

முதலில் ஊரெல்லாம் பொய் சொன்னார். பிறகு என்னிடம் அந்த விபத்தையே மறைத்து, மதகு என்று புதிதாக ஒரு பொய் சொன்னார். அவர் இறந்து கிடந்தபோதும் வந்தவர்களிடம், "வேலையில் அடிபட்ட கால்" என்று நானே சொல்லி அழுதேன். ஊர்ப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. என் வாயாலேயே உங்களைக் காப்பாற்ற வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மழைக்காலம் வந்தால் அந்தக் கால் இழுக்கும். இஞ்சி தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சித் தடவுவேன். அப்போது மட்டும் அவர் என்னை முழுதாகப் பார்ப்பார். அவருடைய இளமை யாருக்கோ போயிருக்கலாம், வண்டி யாருக்கோ போயிருக்கலாம், இந்த வலியாவது எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். அதுவும் நீங்கள் கொடுத்ததுதானா?

ஹர்தீமான் நேற்றுப் படிவத்தை வாங்க வந்தார். அவர் எதிரிலேயே, வாங்குபவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். இனி அது என் வண்டி. உங்களுக்குச் சொல்ல வேண்டியது கடமை என்பதால் எழுதினேன்.

மூர்யாத்தி


பன்யுவாங்கி,
29 ஏப்ரல் 2005

மூர்யாத்திக்கு,

யாரோ ஒரு மகெலாங்காரனுக்கு என்றுதான் கையெழுத்துப் போட்டேன். அவன் எங்கேயாவது கொண்டுபோய் நிறுத்தியிருப்பான், நானும் மறந்திருப்பேன். உனக்கு என்றால் போட்டிருக்க மாட்டேன்.

உனக்கு அவர் பெயர் இருக்கிறது. பிள்ளை இருக்கிறது. போய் உட்கார்ந்து பேசக் கல்லறை இருக்கிறது. நான் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாசலில் யாராவது பழைய வண்டியில் அந்தச் சத்தத்தோடு போனால் அளந்துகொண்டிருக்கும் துணியை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். ஐம்பத்தொரு வயதில். கடையில் வேலை செய்யும் பெண்கள் சிரிப்பார்கள்.

கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். வண்டியை என்னிடம் கொடுத்துவிடு. ரயிலில் ஏற்றி அனுப்பினால் போதும். ஓட்டுவேனா என்று தெரியாது. உன்னிடம் இருக்கிறது என்ற நினைப்போடு என்னால் இருக்க முடியவில்லை.

சுலாஸ்மி


முந்திலான்,
19 ஜூன் 2005

அன்புள்ள சுலாஸ்மி அக்காவுக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். முதல் பதிலை எழுதிக் கிழித்துப் போட்டேன். அதில் 'முடியாது' என்று மட்டும் இருந்தது. இதிலும் அதேதான் எழுதப்போகிறேன், ஆனால் கொஞ்சம் விவரமாக.

ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஹர்தீமான் வண்டி கிடைக்காத வருத்தத்தில் இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே வந்து, தவறாக ஓட்டி இதைக் கெடுத்துவிடாதீர்கள் என்று சொல்லி, பள்ளிக்கூட மைதானத்தில் கற்றுக்கொடுத்தார். இரண்டு தடவை விழுந்தேன். ஒரு தடவை இடது பக்கம், ஒரு தடவை வலது பக்கம். வலது பக்கம் விழுந்தபோது எழுந்திருக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். உங்களை நினைத்தேன். முப்பது வயது இருந்திருக்கும் அப்போது உங்களுக்கு. மழையில், அந்த இருட்டும் நேரத்தில், தனியாக அவரை எப்படித் தூக்கினீர்கள்? அதை நீங்கள் எழுதவே இல்லை.

திட்டாததால் பிரிந்து வந்ததாக எழுதியிருந்தீர்கள். என்னையும் அவர் திட்டியதில்லை. குழம்பில் உப்பு கூடினால்கூடப் பேசாமல் சாப்பிட்டுவிடுவார். அந்த அமைதியோடு குடும்பம் நடத்துவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். இதை நான் வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

முதல் தடவை சந்தைத் தெருவில் ஓட்டிப்போனபோது ஒன்று நடந்தது. சந்தையில் சோயா தெம்பே பொரித்து விற்கிற கிழவர் கார்சோவை உங்களுக்கு நினைவிருக்கும். சத்தம் கேட்டதும் அடுப்பை விட்டு எழுந்து வெளியே வந்து, "சுலாஸ்மி திரும்பி வந்துடுச்சா?" என்று கேட்டார். எதிர்க்கடைக்காரரும் தலையை நீட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டினேன். "ஓ, நீயா" என்றார். இருபது வருடம், அக்கா. ஊர் உங்களை மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து வண்டியைக் கொட்டகையில் பூட்டினேன். மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. விற்றே விடலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு வேண்டுமென்றே போக ஆரம்பித்தேன். சந்தை நாள்தோறும். எதுவும் வாங்க வேண்டியிருக்காது, ஒரு கட்டு வெற்றிலையாவது வாங்கிக்கொண்டு அதே தெரு வழியாகத் திரும்புவேன். வெயிலோ மழையோ விட்டதில்லை.

போன வியாழக்கிழமை எனக்கு முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. கார்சோ கடையிலிருந்து பார்த்தால் என்னைத் தெரியாது. அவர் வாணலியில் இருந்து கண்ணை எடுக்காமலே, கடை வாசலில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மூர்யாத்தி வருது. கொஞ்சம் ஒதுங்கி நில்லு."

அக்கா, நான் ஆற்றுப்பாலம் வரை போய் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். மெராப்பி மலை அன்றைக்கு மேகமில்லாமல் நின்றது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் சொன்னேன், அதற்கென்ன அம்மா என்றான். தார்மியிடம் சொன்னேன், அவள் தக்காளி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். இதன் அருமை தெரிந்து வயிறெரிய உங்களைத் தவிர எனக்கு யாருமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

அவர் கல்லறையை நீங்கள் பார்க்க வேண்டும். ஜோக்ஜா வரை ரயிலில் வாருங்கள். என்றைக்கு என்று மட்டும் எழுதுங்கள், ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நிற்பேன். சாவியைக் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டேன். பின்னால் உட்கார்ந்து வரலாம்.

பிடித்துக்கொள்வதும் பிடித்துக்கொள்ளாததும் உங்கள் விருப்பம்.

மூர்யாத்தி