தளவாய்க்கு நான் வைத்த குரல்

என் ஆசை மச்சான் கோதண்டத்துக்கு,

மாசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதிலிருந்து, நெல் மண்டியில் ஞாயிற்றுக்கிழமைக் கதை வாசிப்பு என் தலையில் விழுந்துவிட்டது. எழுத்துக் கூட்டத் தெரியாத வில்லியனூர்க்காரர்கள் மூட்டைகள்மேல் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார்கள். உனக்காவது நல்ல தொண்டை இருந்தது. எனக்கு இருப்பது வெறும் நாக்கு. அது இப்போது என்னைக் கொல்லப் பார்க்கிறது.

நமக்குள் இருந்த வழக்கு நினைவிருக்கிறதா? எனக்குத் துப்பறியும் நாவல். முதல் பக்கத்திலேயே பிணம் விழவேண்டும். உனக்கு ராஜா காலத்துக் கதை. "கொலகாரன் எவன்னு தெரிஞ்சிட்டா உன் கதைய எடைக்குத்தான் போடணும். என் கதையில ராஜா தோக்கப்போறான்னு முன்னாடியே தெரியும், அப்பவும் ராத்திரி தூக்கம் வரல பாரு" என்பாய். "செத்துப்போனவங்க கதை மச்சான், எவனும் தடியெடுத்துக்கினு வரமாட்டான்" என்றும் சொல்வாய். அந்தப் பேச்சை நம்பித்தான் கெட்டேன்.

இப்போது ஓடுவது நீ பாதியில் விட்டுப்போன செஞ்சிக் கோட்டைக் கதை. அதில் படையை நடத்திக்கொண்டே கோட்டையைக் காட்டிக்கொடுக்கும் தளவாய் ஒருவன். ஆசிரியர் அவனைச் செந்தமிழில் பேசவிட்டிருக்கிறார். மண்டியில் ஒரே கொட்டாவி. பாத்திரங்களுக்கு நீ ஊர்க்காரர் குரலை வைப்பாயே, அதேபோல நானும் வைத்தேன். யார் குரலை? தேர்தலுக்குத் தேர்தல் பெரிய மனிதர்களுக்காகத் தடி தூக்கும் துரைக்கண்ணுவின் குரலை! என் தளவாய் தடியால் முதுகைச் சொறிந்துகொண்டு, "இன்னா, புரியுதா?" என்றான். மண்டியே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புதன்கிழமை துரைக்கண்ணு என் வாசலில் நின்றார். போன தேர்தலில் பக்கத்து ஊரான உறுவையாற்று வண்டிக்காரனின் காலை ஒடித்த அதே தடி கையில். அந்தத் தடியாலேயே முதுகைச் சொறிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வேர்வைதான் வந்தது.

"அந்தத் தளவாய் கடைசில இன்னா ஆவுறான்?"

"இன்னும் படிக்கலீங்க."

"பொய் சொல்லாதய்யா. கடைசிப் பக்கத்த மொதல்ல படிக்கிற ஆளு நீ. ஊருக்கே தெரியும்."

"தூக்குல போட்டுடறாங்க."

"ஆரு? கோட்டைக்காரங்களா?"

"இல்லீங்க. வேலை முடிஞ்சதும், அவன ஏவி வுட்டவங்களே."

தடி நின்றுவிட்டது. பிறகு மெல்லக் கேட்டார்: "அவன் பொண்டாட்டி புள்ளைங்க?"

"அத எழுதலீங்க."

"ஞாயித்துக்கெழம வரேன். முன்னாடியே குந்திக்கிறேன். பாத்துப் படி."

தடியைவிட அந்தப் பெண்டாட்டி பிள்ளைகள் கேள்விதான் என்னை அதிகம் நடுங்க வைக்கிறது, மச்சான். ஒரு முரடன் தன் முடிவை என்னிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். இவ்வளவு துப்பறியும் நாவல் படித்தேனே, இப்படியொரு பயம் எதில் வந்தது? புத்தகத்தை மூடினால் போய்விடுகிற பயத்துக்கா இத்தனை நாள் காசு கொடுத்தேன்?

உன் தங்கை கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அந்தத் தளவாய எங்கியாவது ஓட வுட்டுடுங்களேன். கததானே? அண்ணனும் இல்ல, நீங்களும் போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்று அழுகிறாள். ஓட விட்டுவிடலாமா? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

ஓட விட்டால் என் கால் தப்பும். ஆனால் அந்த மனிதன் முன்வரிசையில் உட்கார்ந்து, ஏவி விட்டவர்கள் தன்னை எப்போதும் காப்பாற்றுவார்கள் என்று நம்பிக்கொண்டு எழுந்து போவானே, அதை என்ன செய்ய?

ஆகவே சத்தியம் செய்கிறேன். தூக்குமேடையை எழுதியபடியே படிப்பேன். யார் குரலையும் வைக்காமல், நடுங்குகிற என் சொந்தக் குரலிலேயே. பாதிக் கதையில் போய்விட்ட உனக்கும் முடிவு வந்து சேரும்; மண்டியில் உரக்கப் படிக்கிறேன், அங்கே கேட்காவிட்டால் அன்றைக்கே நேரில் வந்து சொல்கிறேன்.

உன் தங்கையின் தாலிக்கு ஞாயிறுவரை உத்தரவாதமுள்ள,
உன் மச்சான்