போரானும் நம் வீட்டுப் பாடும்

பழவேற்காடு,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் சகாதேவனுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், ஏரியில் தண்ணீரும் குறையவில்லை. அங்கே உரத் தொழிற்சாலையில் நீயும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இதை நானே என் கையால் எழுதுகிறேன். உன் கடிதத்தையும் நானேதான் படித்தேன், முடிக்க நாலு நாள் ஆயிற்று. மூன்று நாள் இரும்பைப் பற்றியே இருந்தது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் உங்கள் இரும்புத் துணுக்கின் மேல் வந்துதான் அம்மோனியாவாகச் சேர்கின்றன, இரும்பு மட்டும் செலவாவதில்லை என்று எழுதியிருந்தாய். நம் நங்கூரம் ஒரு வேலையும் செய்யாமலே இரண்டு வருடத்தில் கரைந்துவிட்டது, அதனால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். நாலாம் நாள்தான் கடைசி வரிக்கு வந்தேன். முறை நாளில் படகில் வீட்டு ஆள் இரண்டு பேர் இல்லாவிட்டால் ஏரியில் வலை போடும் உரிமையான நம் பாடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும், ஆகையால் மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றிருந்தது. இப்படிப்பட்டதை முதல் வரியில் எழுத வேண்டும்.

நீ விட்டுப்போன வேதியியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் சகப்பிணைப்பு ஹைட்ரைடுகளை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், எலக்ட்ரான் போதாதவை, சரியாக இருப்பவை, மிச்சம் உள்ளவை. மீத்தேன் சரியாக இருக்கிற குடும்பம், உன் அம்மோனியா மிச்சம் உள்ள குடும்பம். போரானுக்குப் போதவில்லை, அதனால் இரண்டு போரான் சேர்ந்து நடுவில் இரண்டு ஹைட்ரஜனைப் பொதுவில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகின்றன. நம் வீட்டில் நான் ஒரு ஆள், தன் தம்பி துறைமுக வேலைக்குப் போனபிறகு நம் குப்பத்துத் துளசிங்கம் வீட்டிலும் அவன் ஒரு ஆள். நம் முறைக்கு அவன் வரட்டும், அவன் முறைக்கு நான் போகிறேன் என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டேன். ஒரே வீட்டு ஆளாக இருக்க வேண்டும் என்பதுதானே வழக்கம் என்றார்கள். புத்தகத்தைப் பிரித்துப் படித்துக் காட்டினேன், கொஞ்சம் நேரமாயிற்று. அந்தப் போரான் எந்தக் குப்பத்துக்காரன்னு ஒருவர் கேட்டார். மாமா படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஏரி இறாலெல்லாம் கடலுக்குப் பூடும், சரின்னு சொல்லித் தொலைங்கன்னு துளசிங்கம் சொன்னான். சொல்லிவிட்டார்கள். நேற்று நம் முறை, அவன் வந்தான், வலை போட்டோம். பாடு நம் பெயரிலேயே நிற்கிறது.

பழைய இரும்பைக் கொட்டும்போது காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் என்று எழுதியிருந்தாய், தள்ளி நில். அம்மா கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், பக்கத்து அறைக்காரர்கள் மூக்கைப் பிடித்தாலும் சாப்பிடு. வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்காதே. கொடுத்துவிட்டிருந்தால் போய்த் திரும்பக் கேள், எங்கள் நைனா மெதுவாகப் படிக்கிறவர் என்று சொல். நீ நோய்நொடியில்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

ரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்ட
உன் நைனா,
நீலமேகம்