பத்திரிகையின் முதுகில் ஒட்டிய பொட்டு

பசுந்தாங், ரங்கூன்
நவம்பர் 2004

அன்பு மகன் தேவராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பினாங்கில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நான் வேலை செய்யும் அரிசிக் கிட்டங்கிக்குப் போன் போட்டு என்னப்பா சாப்பிட்டீங்களா என்று கேட்பாய். கொஞ்ச நாளாக மணி அடித்தால் ஏதாவது வியாபாரிதான் பேசுகிறான். இங்கே நான் செய்துவைத்த ஒரு காரியத்தால் உன் மாமனார் ராஜரத்தினம் நம் வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டார். மருமகள் கலாவின் வளைகாப்புக்கு எங்களை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதை நீ என் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத வெட்கமாக இருக்கிறது.

இந்த மழைக்குப் பிறகு கிட்டங்கியில் எலித்தொல்லை தாங்க முடியவில்லை. அரிசி இருக்கிற இடத்தில் மருந்து வைக்க முடியாது, பூனையோ மூட்டைமேல் படுத்துத் தூங்குகிறது. முதலாளி ஊ தெயின் யாரிடமோ சொல்லி குறி பார்க்க ஸ்கோப் பொருத்திய ஏர் கன் ஒன்றை வரவழைத்தார், வரவழைத்தவர் உயிரைக் கொல்வது எனக்கு ஆகாது என்று அதை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் சும்மா இருந்திருக்கலாம். வாலிபத்தில் ரைபிள் கிளப்பில் சுட்டவனாக்கும் என்று நாலு பேர் நடுவில் பீற்றிக்கொண்டேன். சுட்டுப் பார்த்தால் குறி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். புது ஸ்கோப் என்றால் அதைச் சரிப்படுத்த வேண்டும். கட்டம் போட்ட அட்டையில் நடுவே ஒரு சின்ன வட்டத்தைப் பார்த்துச் சில தடவை சுட்டு, குண்டு எத்தனை கட்டம் தள்ளி விழுகிறது என்று பார்த்து ஸ்கோப்பின் திருகைத் திருக வேண்டும். ஓட்டை போடுகிற அட்டைக்குக் காசு கொடுப்பானேன் என்று என் கஞ்சப் புத்தி வேலை செய்தது. பீரோவில் உன் கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு மீந்திருந்தது, சாமி படம் போட்டதைக் குப்பையில் போடக் கூடாது என்று அம்மா எடுத்து வைத்திருந்தாள். நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை, ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். நடுவில் பேனாவால் வரைந்த வட்டம் ஸ்கோப்புக்குள் இருக்கிற கூட்டல் குறியில் மறைந்துவிட்டது. சிவப்பாக இருந்தால் பளிச்சென்று தெரியும் என்று அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் போய் ஒவ்வொரு அட்டையிலும் ஒட்டினேன். செலவே இல்லாமல் என்ன அழகாகச் செய்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், அந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல. கல்யாணப் பத்திரிகையில் பொட்டை ஒட்டிச் சுடுகிறோமே என்று ஒரு நிமிஷம்கூட எனக்கு உறைக்கவில்லை.

வளைகாப்புக்கு நாள் பார்த்த சந்தோஷத்தில் உன் மாமனார் லட்டுப் பெட்டியோடு நேரே கிட்டங்கிக்கு வந்தார். இது என்ன சம்பந்தி விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே சாக்கில் குத்தியிருந்த அட்டை ஒன்றைப் பிய்த்துத் திருப்பினார். திருநிறைச்செல்வன் என்பது இருந்தது, அதற்கு அடுத்து உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. மறுபடி திருப்பிப் பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எலிக்கு எலிக்கு என்று உளறினேன். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார், அன்று மாலையே செய்வினை என்ற பேச்சு அவர்கள் குடியிருக்கும் தாமுவே பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. படித்த மனுஷன் இதையெல்லாம் நம்புவானா என்று வீட்டில் வந்து கத்தினேன். அம்மா என் பொட்டையா எடுத்தீங்க என்றாள்.

மன்னிப்புக் கேட்க இருவரும் தாமுவே போனோம். சம்பந்தியம்மா அவர் குளிக்கிறார் என்றார். நாங்கள் எழுந்து கிளம்பும்வரை அவர் குளித்துக்கொண்டேதான் இருந்தார். கலாதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து தண்ணீர் கொடுத்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. நீங்க வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும் மாமா, ஆனா பொட்டை எடுத்தா அந்த அட்டைதான் கண்ணு முன்னால வருது என்று மெதுவாகச் சொன்னது. அந்தப் பிள்ளை என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்க மகன் உங்ககிட்டப் பேசினாரா என்றும் கேட்டது. உன் மாமனார் உன்னிடம் எல்லாம் சொல்லிவிட்டார், அந்தக் கோபத்தில்தான் நீ பேசவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். ஊர்விட்டு இருக்கிறவரிடம் சொல்லக் கூடாது என்று எங்க அப்பா தடுத்துவிட்டார், அவருக்கு ஒன்றுமே தெரியாது, எனக்கும் போன் வரலை மாமா என்றது கலா. அப்படியானால் நீ பேசாததற்குக் காரணம் கோபம் இல்லை.

செய்வினையைக் கேட்டுச் சிரித்தவன்தான் நான். இப்போது போன் மணி அடித்தால் எடுக்கப் பயப்படுகிறேன், அடிக்காவிட்டாலும் பயப்படுகிறேன். வேலை இடத்தில் போன் கெட்டிருக்கும், நீ வேறு ஊருக்குப் போயிருப்பாய் என்று அம்மாவிடம் சொல்கிறேன், அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தபாலை நம்பாமல், வியாபார விஷயமாகப் பினாங்குக்கு வரும் ஜாபரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், அவன் உன்னை நேரில் பார்த்துவிட்டுத் தகவல் சொல்வான். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. நீயும் கலாவும் பிறக்கப்போகும் பிள்ளையும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஆசீர்வாதம் என்று என் பங்குக்கு எழுதக் கை கூசுகிறது. இது கைக்கு வந்ததும் முதலில் கலாவிடம் பேசு. பிறகு என்னைத் திட்டுவதற்காகவாவது ஒரு போன் போடப்பா.

இப்படிக்கு
உன் தகப்பன்
சபாபதி